உலக தடகளப் போட்டிகள்ல யார் ஜெயிப்பாங்கன்னு முன்கூட்டியே கணிக்க முடியுமா?

கேள்வி கேட்டவர் அந்த வருஷ டாப் லிஸ்ட்டை (ஒவ்வொரு ஈவென்ட்டுலயும் யார் பெஸ்ட்டுன்னு வரிசையா போட்ட பட்டியல்) எடுத்து வெச்சுக்கிட்டு மேல இருக்கற மூணு பேரை அப்படியே எழுதறாராம், பாதிக்கு மேல ஊத்திக்குது ஏன்னு கேட்டிருக்கார். லிஸ்ட்டுல தப்பில்ல. அந்த டைம் எங்க, எப்படி வந்துச்சுன்னு பாக்காம பேரை மட்டும் காப்பி பண்றதுதான் பிரச்சனை.

முதல்ல லிஸ்ட்டுல இருக்கற ஆள் போட்டிக்கு வர்றாரான்னே பாருங்க. ஒரு ஈவென்ட்டுக்கு ஒரு நாட்டுக்கு மூணு பேர்தான் (உலக சாம்பியன்ஷிப்புல மட்டும் போன தடவை சாம்பியன் இருந்தா கூட ஒரு ஆள் வரலாம்). அமெரிக்காவுல ட்ரையல்ஸ்ல (டீமைத் தேர்ந்தெடுக்கற போட்டி) நாலாவது வந்தவர் உலகத்துலயே அஞ்சாவது வேகமான ஆளா இருந்தாலும் வீட்ல உக்காந்து டிவி பாக்க வேண்டியதுதான்.

அடுத்தது 1500 மீட்டர். நெறைய பேரோட கணிப்பு இங்கதான் காலியாகும். டைமண்ட் லீக்ல (வருஷா வருஷம் பல ஊர்கள்ல நடக்கற போட்டித் தொடர்) முன்னாடி இழுத்துட்டுப் போக பேஸ்மேக்கர் இருப்பார், எந்த வேகத்துல ஓடணும்னு காட்ட ட்ராக் ஓரத்துல பச்சை லைட் வேற கூடவே ஓடும், பின்னாடி வர்றவர் அதைப் பிடிச்சுக்கிட்டே போனா போதும். சாம்பியன்ஷிப்புல ரெண்டும் கிடையாது, அதுவும் ஹீட் (முதல் சுற்று), செமின்னு ஓடிட்டுத்தான் ஃபைனல். டியூஷன் சார் பக்கத்துல உக்காந்து சொல்லித்தர கணக்கு போடறதுக்கும் பப்ளிக் எக்ஸாம் ஹால்ல தனியா போடறதுக்கும் உள்ள வித்தியாசம்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸையே எடுத்துக்கோங்க. நார்வேயோட யாக்கோப் இங்கப்ரிக்ட்சன் அதுக்கு முந்தின மாசம்தான் மொனாக்கோவுல 3:26.73 ஓடியிருந்தார், அமெரிக்காவோட கோல் ஹாக்கரோட பெஸ்ட் அப்போ 3:30 சொச்சம். லிஸ்ட்டைப் பாத்தா பேச்சே இல்ல. ஆனா யாக்கோப் உலக சாம்பியன்ஷிப்புல 2022ல யூஜீன்ல ஜேக் வைட்மேன்கிட்டயும் 2023ல புடாபெஸ்ட்ல ஜோஷ் கெர்கிட்டயும் (ரெண்டு பேரும் பிரிட்டன்) கடைசி லேப்ல தோத்தவர், அதுவும் ரெண்டு தடவையும் ஒரே மாதிரி, இவர் முன்னாடி ஓட அவங்க ஒட்டிக்கிட்டே வந்து தாண்டிப் போனாங்க. அதனால பாரிஸ்ல என்ன பண்ணார்னா ஆரம்பத்துலயே வெறித்தனமா ஓட ஆரம்பிச்சார், முதல் 400 மீட்டர் 55 செகண்டுக்குள்ள, எல்லாரையும் அறுத்து விட்டுடலாம்னு பிளான். யாரும் அறுந்து போகல! பின்னாடி வந்தவங்களுக்கு இவரே பேஸ்மேக்கர் ஆயிட்டார். ஹாக்கர் ஒரு தடவை உள்பக்கமா நுழையப் பாத்து வழி கிடைக்காம, கடைசி நேர்க்கோட்டுல மறுபடி அதே உள்பக்க சந்துல புகுந்து 3:27.65ல ஒலிம்பிக் ரெக்கார்டோட ஜெயிச்சார். யாக்கோப் நாலாவது, மெடலே இல்ல. கெர்ரை எதிர்பார்த்தவங்க நெறைய பேர், ஹாக்கர் தன் பெஸ்ட்டை மூணு செகண்ட் குறைப்பார்னு யார் எழுதியிருப்பா?

சரி, இனிமே ஹாக்கரை எழுதினா போதும்னு நினைச்சா 2025 டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்புல அவர் செமிஃபைனல்லயே இடிச்சு ஓடினார்னு டிஸ்குவாலிஃபை, யாக்கோப் காயத்துல இருந்து வந்து ஹீட்ஸோட அவுட், கெர் ஃபைனல் நடுவுலயே கால் பிடிச்சுக்கிட்டு நொண்டினார். போர்ச்சுகலோட இசாக் நாடெர் 3:34.10ல ஜெயிச்சார், வைட்மேனைவிட 0.02 செகண்ட் முன்னாடி. அதே ஹாக்கர் அப்புறம் 5000 மீட்டர்ல தங்கம் வாங்கினார்ங்கறது தனிக் கூத்து. அதனால 1500க்கு நான் பாக்கறது கடைசி 300 மீட்டர்ல யார் எந்த இடத்துல நிக்கறாங்க, பழைய சாம்பியன்ஷிப் ஃபைனல்கள்ல அங்க இருந்து என்ன பண்ணாங்கன்னுதான். யூட்யூப்ல வீடியோ கிடைக்கும், டைம் லிஸ்ட்டை விட அது பத்து மடங்கு உபயோகம்.

100 மீட்டர்ல டைம் பக்கத்துல காத்து எவ்வளவுன்னு பாருங்க, பின்காத்து ப்ளஸ் 1.9ல (செகண்டுக்கு 1.9 மீட்டர்) வந்த 9.80ம் எதிர்க்காத்துல வந்த 9.85ம் ஒண்ணு கிடையாது. அதுக்கு மேல கடவுள் விட்ட வழி. பாரிஸ்ல ஜெயிச்ச அமெரிக்காவோட நோவா லைல்ஸ் 9.784, ரெண்டாவது வந்த ஜமைக்காவோட கிஷேன் தாம்ப்ஸன் 9.789. எட்டாவதா கடைசியில வந்த ஒப்லிக் செவில் கூட 9.91, மறு வருஷம் டோக்கியோவுல 9.77ல தங்கம் வாங்கினது அதே செவில்தான். அந்த டோக்கியோ ஃபைனல்ல போட்ஸ்வானாவோட டெபோகோ ஃபால்ஸ் ஸ்டார்ட் (துப்பாக்கி சத்தத்துக்கு முன்னாடியே கிளம்பறது) ஆகி வெளிய போனார், 2011 டேகுவுல போல்ட்டுக்கு ஆன மாதிரியே.

ஈட்டி எறிதல் இன்னும் மோசம், ஆறு எறியில ஒண்ணு மாட்டினா போதும். 2025ல ஜெர்மனியோட யூலியன் வெபர் சூரிச்ல 91.51 மீட்டர் எறிஞ்சுட்டு மூணு வாரத்துல டோக்கியோவுல 86.11தான், அஞ்சாவது இடம். நீரஜ் எட்டாவது, ஒலிம்பிக் சாம்பியன் அர்ஷத் நதீம் பத்தாவது. ஜெயிச்சது 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல தங்கம் வாங்கின ட்ரினிடாட்டோட கேஷோர்ன் வால்காட், 88.16. நான் இதுல முதல் மூணு பேர்னு எழுதறதே இல்ல, டாப் எட்டுல யார் வருவாங்கன்னு மட்டும்தான் பந்தயம்.

போல் வால்ட்டுக்கு (கம்பு ஊன்றித் தாண்டறது) உலக ரெக்கார்ட் வெச்சிருக்கற ஸ்வீடனோட டுப்ளான்டிஸ்னு எழுதிட்டு அடுத்த ஈவென்ட்டுக்குப் போயிடுங்க.

ரிலேல மட்டும் தனித்தனி டைமைக் கூட்டிப் பாக்காதீங்க. 2023 புடாபெஸ்ட்ல ஆண்கள் 4x400 ரிலே ஹீட்ல இந்தியாவோட அனஸ், அமோஜ், அஜ்மல், நம்ம தமிழ்நாட்டு ராஜேஷ் ரமேஷ் நாலு பேரும் சேர்ந்து 2:59.05 ஓடி ஆசிய ரெக்கார்ட் வெச்சாங்க, அமெரிக்காவுக்கு அடுத்து ரெண்டாவது. ஆளுக்கு சராசரியா 44.8 கூட வராது, ஆனா அன்னிக்கு வரைக்கும் எந்த இந்தியரும் தனியா 400 மீட்டரை 45 செகண்டுக்குள்ள ஓடினதே இல்ல. ரெண்டாவது ஆள்ல இருந்து ஓடிக்கிட்டே பேட்டன் வாங்கறதால அந்த ஸ்டார்ட் நேரம் மிச்சம். ஃபைனல்ல அஞ்சாவது வந்தாங்க.

அடுத்த உலக சாம்பியன்ஷிப் 2027 பெய்ஜிங். ஸ்டார்ட் லிஸ்ட் வந்தப்புறம் இதே கேள்வியைக் கேளுங்க, பேரோட சொல்றேன். 1500 மட்டும் செமிஃபைனல் முடிஞ்சப்புறம்தான்.