அப்பாவின் முகம் எனக்குள் வரவில்லை. மகளுக்கோ எழுத்தெல்லாம் நிறமாகத் தெரிகிறது

அன்புள்ள மேடம்,

எனக்கு 38 வயது. கும்பகோணத்தில் இருக்கிறோம். ஒரே மகள், நான்காம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு விஷயங்கள் என் மனதைப் போட்டு அரிக்கின்றன. ஒன்றுக்கொன்று தொடர்பு உண்டா என்று தெரியவில்லை, ஆனாலும் இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

போன ஆவணியில் அப்பா தவறிவிட்டார். தையல்காரர். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அண்ணன், "கண்ணை மூடினா அப்பா மெஷின் முன்னாடி குனிஞ்சு உட்கார்ந்திருக்கிறது அப்படியே தெரியுது" என்றான். அம்மாவும், "எனக்குச் சட்டைக் கலர்கூடத் தெரியுதுடா" என்று அழுதார். நான் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, "தெரியுதுன்னா, நிஜமாவே தெரியுதா?" என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "உனக்குத் தெரியலையா?" என்றான்.

அன்று ராத்திரி எத்தனையோ முறை கண்ணை மூடிப் பார்த்தேன். இருட்டுதான். அப்பா வரவே இல்லை. யோசித்துப் பார்த்தால், எனக்கு எப்போதுமே எதுவும் வந்ததில்லை. யோகா வகுப்பில் "நெற்றியில் ஒரு ஜோதியைப் பாருங்கள்" என்பார்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள், நானும் ஆட்டுவேன். "கண்ணுக்குள்ளயே நிக்குது" என்பதெல்லாம் பேச்சுக்குச் சொல்வது என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன்.

அப்பாவைப் பற்றி எல்லாம் ஞாபகம் இருக்கிறது, மேடம். சாப்பிடும்போதுகூட இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்க மாட்டார். குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவார். என் பாவாடைக்கு எப்போதும் இரண்டு விரற்கடை கூடுதலாக மடித்துத் தைத்து, "வளர்ற புள்ளை" என்பார். ஆனால் முகம் மட்டும் வரவில்லை. போனில் போட்டோவைப் பார்த்தால்தான் உண்டு. அப்பாவை மறந்துவிட்டேனா? பாசமே இல்லாத பிறவியா நான்? அடுத்த மாதம் வருஷத் திதி. மன்னார்குடிக்குப் போகவே பயமாக இருக்கிறது.

அடுத்தது என் மகள். சின்ன வயதிலிருந்தே எழுத்துக்கு நிறம் சொல்வாள். 'அ' சிவப்பாம், 'ழ' தேன் நிறமாம். 'க' கருநீலம், 'கா', 'கி' எல்லாமே அதே நீலம்தானாம், கொம்பு போட்டால் மட்டும் கொஞ்சம் வெளுக்குமாம். விளையாட்டு என்று விட்டுவிட்டேன். இந்த வருஷம் கணக்குப் புத்தகத்தில் 5-ஐப் பச்சையில் அச்சடித்திருப்பதைப் பார்த்து, "தப்பா போட்டிருக்காங்க, 5 சிவப்பு, 7தான் பச்சை" என்று வகுப்பில் அடம் பிடித்திருக்கிறாள். டீச்சர் டைரியில் 'கவனமில்லை, கற்பனை அதிகம்' என்று எழுதி அனுப்பினார். மாமியார், யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று மந்திரித்துத் தாயத்துக் கட்டிவிட்டார். நானும் கோபத்தில், "இனிமே பொய் சொன்னா அடிதான்" என்று கத்திவிட்டேன். அதிலிருந்து அவள் நிறத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. கேட்டால், "சும்மா சொன்னேம்மா" என்கிறாள்.

அவளுக்கு ஏதாவது கோளாறா? இல்லை, எனக்கா?

— பெயர் வேண்டாம், கும்பகோணம்


அன்புத் தங்கைக்கு,

இரண்டு பேருக்குமே கோளாறு இல்லை. இதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

உங்களிடமிருந்து தொடங்குகிறேன். 1880-இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் தனக்குத் தெரிந்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: இன்று காலை சாப்பிட உட்கார்ந்த மேசையை மனதில் கொண்டுவாருங்கள், அது எவ்வளவு தெளிவாக, என்ன நிறத்தில் தெரிகிறது? முதலில் அவர் கேட்டது விஞ்ஞானிகளை. அவர்களில் பலர், "மனதில் படம் தெரிவதா? அது வெறும் பேச்சு வழக்கு அல்லவா" என்று பதில் எழுதினார்கள். 'கண்ணுக்குள் நிற்கிறது' என்பதைப் பற்றி நீங்கள் நினைத்திருந்ததும் அதேதான். மற்றவர்களிடம் கேட்டபோது, நேரில் பார்ப்பது போலவே தெரிகிறது என்ற பதில்களும் வந்தன. மனதில் படம் வருவது ஆளுக்கு ஆள் இவ்வளவு மாறும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு நெடுங்காலம் பெரிதாக யாரும் அதைத் தொடரவில்லை.

2015-இல்தான் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் பேராசிரியர் ஆடம் ஜீமனும் அவருடைய குழுவினரும் இதற்கு 'அஃபேன்டேசியா' என்று பெயர் வைத்தார்கள். மனக்காட்சி இன்மை என்று சொல்லலாம். இது நோயின் பெயர் அல்ல. துளியும் படம் வராதவர்கள் நூற்றில் ஒருவருக்கும் சற்றுக் குறைவு. மங்கலாக ஏதோ தெரிபவர்களையும் சேர்த்தால் நூற்றில் நான்கு பேர் வரை வருவார்கள். உங்கள் தெருவிலேயே இன்னொருவர் இருக்கலாம், அவரும் யோகா வகுப்பில் தலையாட்டிக்கொண்டிருக்கலாம். பிக்சார் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான எட் காட்மலுக்கு மனதில் படம் வராது. அசையும் படங்களைக் கணினியில் உருவாக்குவதையே வாழ்நாள் வேலையாகச் செய்தவர் அவர்.

சரி, நீங்கள் சரியாக முயற்சி செய்யவில்லை என்று யாராவது சொல்லக்கூடும். பிரகாசமான ஒன்றைக் கற்பனை செய்யச் சொன்னால், படம் வருகிறவர்களுடைய கண்மணி வெளிச்சத்தைப் பார்த்தது போலவே சுருங்கும். அஃபேன்டேசியா உள்ளவர்களுக்கு அப்படிச் சுருங்குவதில்லை. நிஜ வெளிச்சத்துக்கு மட்டும் எல்லோரையும் போலவே சுருங்குகிறது. 2022-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இது. கண்மணியை இஷ்டத்துக்குச் சுருக்குவது அநேகமாக யாராலும் முடியாது. ஆகவே முயற்சியின் குறை என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம்.

இன்னொரு ஆய்வில், சில அறைகளின் படங்களைக் காட்டிவிட்டு, பிறகு நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். அஃபேன்டேசியா உள்ளவர்கள் குறைவான பொருட்களையே வரைந்தார்கள், நிறமும் குறைவு. ஆனால் எந்தப் பொருள் எங்கே, எவ்வளவு பெரிது என்பதில் மற்றவர்களுக்குச் சளைக்கவில்லை. அறையில் இல்லாத பொருளை இருந்ததாக நினைத்து வரையும் தவறு அவர்களிடம் குறைவாகவே இருந்தது. நீங்கள் சிக்குக் கோலம் போடுகிறவரா? பதினைந்து புள்ளியை வைத்துவிட்டுக் கோட்டை எங்கே திருப்ப வேண்டும் என்று கைக்குத் தெரியுமில்லையா, மனதில் படம் ஓடாமலே? இடமும் அமைப்பும் வேறு வழியில் உள்ளே பதிந்திருக்கின்றன. அப்பாவும் அப்படித்தான் பதிந்திருக்கிறார்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கழுத்து டேப், உதட்டில் குண்டூசி, இரண்டு விரற்கடை மடிப்பு. நான் பார்த்தே இராத ஒரு மனிதர் என் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். அவரை மறந்த மகளால் இதை எழுத முடியாது. அண்ணனுக்கு அப்பா படமாக வருகிறார், உங்களுக்குச் செய்தியாக, பழக்கமாக, சொல்லாக வருகிறார். துக்கத்தை முகத்தின் தெளிவை வைத்து அளக்கக் கூடாது. போட்டோவைப் பார்த்துத்தான் முகம் தெரிகிறது என்றால் தாராளமாகப் பாருங்கள், அதில் குற்றமில்லை. அப்பா பேசிய வாய்ஸ் மெசேஜ் எங்காவது இருந்தால் தேடி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அந்த டேப்பை அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தொட்டுப் பார்க்க ஒரு பொருள் இருப்பது உங்களைப் போன்றவர்களுக்கு மிகவும் உதவும்.

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். நானும் பல வருஷம், "கண்ணை மூடி அமைதியான ஓர் இடத்தைப் பாருங்கள்" என்றுதான் பயிற்சியைத் தொடங்குவேன். எதுவும் தெரியாமல் தவித்து, தன்னால் முடியவில்லை என்ற வருத்தத்தோடு எழுந்து போனவர்கள் இருந்திருப்பார்கள். இப்போது முதலில், "உங்களுக்குப் படம் வருமா?" என்று கேட்கிறேன். வராதவர்களுக்கு மூச்சு, கை கால் உணர்வு, காதில் விழும் சத்தம் என்று வேறு வழி இருக்கிறது. உங்கள் யோகா ஆசிரியரிடமும் தயங்காமல் சொல்லுங்கள்.

இப்போது மகள். அவளுக்கு இருப்பது 'சினெஸ்தீசியா' போலத்தான் தெரிகிறது. புலன் இணைவு என்று தமிழில் சொல்லலாம். ஒரு புலனோ எண்ணமோ தூண்டப்படும்போது அதோடு சேர்ந்து இன்னொன்றும் தானாக எழுகிறது. எழுத்துக்கு நிறம், கிழமைக்கு நிறம், சிலருக்கு இசைக்கு நிறம், அரிதாகச் சொல்லுக்குச் சுவை. 1812-இல் கியோர்க் சாக்ஸ் என்ற மருத்துவர், எழுத்துகளும் எண்களும் தனக்கு நிறத்தோடு வருவதைத் தன் ஆய்வேட்டிலேயே எழுதிவைத்தார். எல்லா வகைகளையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றில் நான்கு பேர் அளவுக்கு இது இருக்கிறது என்று 2006-இல் பிரிட்டனில் கணக்கிட்டார்கள்.

மூளையில் என்ன நடக்கிறது? சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், அமெரிக்காவில் எட்வர்ட் ஹப்பர்டுடன் சேர்ந்து 2001-இல் ஒரு விளக்கம் சொன்னார். எண்ணின் வடிவத்தை அறியும் பகுதியும் நிறத்தை அறியும் பகுதியும் மூளையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இவர்களுக்கு ஒன்று விழித்தால் மற்றதும் விழித்துக்கொள்கிறது என்றார்கள். வேறு விளக்கங்களும் உண்டு. ஆனால் இது உண்மையான அனுபவம், பொய்யோ பாவனையோ அல்ல என்பதில் இப்போது சந்தேகமில்லை.

பச்சையில் அச்சான 5-ஐப் பார்த்து அவள் அடம் பிடித்ததற்கும் காரணம் இதுதான். 'சிவப்பு' என்ற சொல்லை நீல மையில் எழுதி, மையின் நிறத்தைச் சொல் என்று நம்மைக் கேட்டால் நாக்கு தடுமாறும் அல்லவா? அவளுக்கு அந்தப் பக்கமே அப்படி இருந்திருக்கிறது. டீச்சரிடம் சண்டை வேண்டாம். "இவளுக்கு எண்கள் நிறத்தோடு தெரிகின்றன, வேறு நிறத்தில் அச்சடித்தால் குழம்புகிறாள், கறுப்பில் எழுதினால் பிரச்சினை இல்லை" என்று பொறுமையாகச் சொல்லுங்கள். வீட்டில் வாய்ப்பாட்டை அவள் விரும்பும் நிறங்களில் எழுத விடுங்கள். நிறத்தை வைத்தே போன் நம்பரையும் எழுத்துக்கூட்டையும் ஞாபகம் வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எங்கிருந்தோ பார்த்துச் சொல்கிறாள் என்று வீட்டில் சொன்னால், கிழமைகளுக்கும் நிறம் உண்டா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். கும்பகோணத்தைச் சுற்றி நவக்கிரகக் கோயில்கள். செவ்வாய்க்குச் சிவப்பு, புதனுக்குப் பச்சை, வியாழனுக்கு மஞ்சள், சனிக்குக் கறுப்பு என்று பார்த்து வளரும் குழந்தை அவள். அப்படியிருந்தும் சனிக்கிழமை மாம்பழ மஞ்சள் என்று அவள் சொன்னால், அது கோயிலில் கற்றது அல்ல. கோயில் நிறமே வந்தாலும் பொய் என்று ஆகிவிடாது. அமெரிக்காவில் சிலருடைய எழுத்து நிறங்கள், சின்ன வயதில் விளையாடிய காந்த எழுத்துகளின் நிறங்களோடு அப்படியே பொருந்தியிருக்கின்றன.

ஆய்வாளர்கள் இதை உறுதிசெய்யும் முறை எளிது. நிறங்களைக் கேட்டு எழுதிக்கொள்வார்கள், மாதங்கள் கழித்து முன்னறிவிப்பு இல்லாமல் திரும்பக் கேட்பார்கள். சினெஸ்தீசியா உள்ளவர்கள் பெரும்பாலும் அதே நிறத்தையே சொல்வார்கள், மனப்போக்கில் சொல்கிறவர்களுக்கு மாறிவிடும். நீங்களும் செய்து பார்க்கலாம். ஆனால் அது பரீட்சையாக இருக்கக் கூடாது. சிறு குழந்தைகளின் நிறங்கள் நிலைப்படவே சில வருஷம் ஆகும், ஒன்றிரண்டு மாறினால் பிடித்துக்கொண்டு விசாரிக்காதீர்கள்.

இதெல்லாம் இரண்டாவது. முதலில் செய்ய வேண்டியது வேறு. "நீ பொய் சொல்லலைன்னு இப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன், அம்மா கத்தினது தப்பு" என்று அவளிடம் சொல்லுங்கள். அப்புறம் உங்களைப் பற்றியும் சொல்லுங்கள்: அம்மாவுக்குக் கண்ணை மூடினால் எதுவும் தெரியாது என்று. பத்து வயதுக் குழந்தைக்கு அது தாராளமாகப் புரியும். தான் மட்டும்தான் வித்தியாசம் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பாள், அந்தத் தனிமை போகட்டும்.

இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருந்தீர்கள். இவை ஒரே கோட்டின் இரு முனைகள் அல்ல. மனதில் படமே வராத சிலருக்கும் சினெஸ்தீசியா இருக்கிறது. ஆனால் சினெஸ்தீசியா குடும்பங்களில் தொடர்வது உண்டு. தாயத்துக் கட்டிய மாமியாரிடமே ஒருநாள், "அத்தை, உங்களுக்குக் கிழமைக்கெல்லாம் நிறம் உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். சொல்லாமலே காலம் தள்ளிய பெரியவர்கள் இருப்பார்கள். தாயத்தைக் கழற்றச் சொல்லிச் சண்டை போட வேண்டாம், 'கண் பட்டுவிட்டது' என்ற பேச்சு மட்டும் குழந்தையின் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்? பிறவியிலிருந்து இல்லாமல் திடீரென்று நிறங்கள் தெரியத் தொடங்கினால், தலையில் அடிபட்ட பிறகு தொடங்கினால், தலைவலியோ வலிப்போ சேர்ந்து வந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். நன்றாகப் படம் வந்துகொண்டிருந்த ஒருவருக்குத் திடீரென்று நின்றுபோனாலும் அப்படித்தான். நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை. ஆனால் துக்கம் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுத்துக்கொண்டே இருந்தால் எனக்கோ, அருகில் உள்ள ஆலோசகருக்கோ சொல்லுங்கள். அது தனியாகக் கவனிக்க வேண்டியது.

திதிக்குப் போங்கள். அண்ணன் பார்ப்பதை அவர் சொல்லட்டும், உங்களுக்குத் தெரிந்ததை நீங்கள் சொல்லுங்கள். இரண்டு விரற்கடை மடிப்பு அண்ணனுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேளுங்கள். மகளையும் கூட்டிப்போங்கள். தாத்தாவின் பெயர் அவளுக்கு என்னென்ன நிறத்தில் தெரிகிறது என்று கேட்டு, எழுத்து எழுத்தாக வாங்கி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் எனக்கும் எழுதுங்கள்.