வாசகர் கேள்வி: எங்கோ நடந்த சாவுக்கு ஐரிஷில் ஏன் பாட்டு?

கேள்வி: ஐரிஷ் மொழி பேசுகிறவர்களே குறைவு. அந்தக் கவிஞர்கள் வெளிநாட்டுப் போரையும் பஞ்சத்தையும் ஏன் எழுதுகிறார்கள்?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: பட்டினி என்றாலே அந்த மொழிக்கு வலிக்கும், சகோதரி. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து, அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், ஏறக்குறைய அவ்வளவு பேர் கப்பலேறினார்கள், அப்போதும் தானியம் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. அதிகம் அடிபட்டது மேற்குப் பகுதியில் ஐரிஷ் பேசிய ஏழைகள்.

போர் என்றால் எனக்கு முதலில் தோன்றுவது ஐரிஷ் கவிஞர் ஓவன் ஓ டூரிஷ்க் 1964இல் வெளியிட்ட நெடுங்கவிதை. ஹிரோஷிமாவில் மாண்டவர்களுக்கு அவர் எழுதிய இரங்கல் பூசை அது. அயர்லாந்து அந்த இரண்டாம் உலகப் போரில் சேரவே இல்லை. ஆனாலும் குண்டு விழுந்த நாளில் டப்ளின் தெருக்களில் வழக்கம்போல் ஓடிய வாழ்க்கையைக் கவிதைக்குள் கொண்டுவந்து, நமக்கென்ன என்று யாரையும் ஒதுங்க விடாமல் செய்கிறார். எனக்கு அது மிகப் பெரிய காரியமாகத் தெரிகிறது.

நம் மலாயாத் தோட்டங்களிலிருந்து, ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் பலரும் அதே போரில்தான் மாண்டார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, சரி தப்பு பார்க்காமல் எழுதி அனுப்புங்கள், போடுகிறோம்.