அடுப்பை வைத்து எண்ணினால்

அண்ணாச்சிக்கு,

மகள் பாளையங்கோட்டையில் பி.ஏ. சமூகவியல் படிக்கிறாள். ‘உங்கள் குடும்பம் எந்த வகை’ என்று எழுதி வரச் சொன்னார்களாம். எனக்குச் சென்னையில் வேலை. மனைவியும் மகளும் பாளையில் மாமனார் வீட்டு மாடியில், அடுப்பு தனி. அம்மா கல்லிடைக்குறிச்சியில் தம்பியோடு. வயல் இன்னும் பாகம் பிரிக்கவில்லை, பிசானம் அறுத்தால் பாளைக்கும் நெல் மூடை வந்துவிடும். மகள் ‘தனிக்குடும்பம்’ என்று எழுதிவிட்டாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. எது சரி?

அன்புள்ள நண்பருக்கு,

மகள் எழுதியதற்கு மார்க் கிடைக்கும். சென்ஸஸ்காரர்கள் வந்தாலும் அடுப்பைத்தான் பார்ப்பார்கள்: ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடித்தனம். எண்ணுவதற்கு அது வசதி, சரி. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ‘கூட்டுக்குடும்பம் சிதைஞ்சு போச்சு’ என்று ஒப்பாரி வைக்கிறார்களே, அங்கேதான் கோளாறு.

ஐ.பி. தேசாய் என்ற சமூகவியலாளர் குஜராத்தில் மகுவா என்ற சிறிய ஊரை ஆராய்ந்து 1964-ல் புத்தகம் போட்டார். ஒரே கூரைக்குள் யார் யார் என்பதோடு நிற்காமல், சொத்து பொதுவா, வரவு செலவு எப்படி, யாருக்கு யார் செய்யக் கடமைப்பட்டவர் என்றெல்லாம் தோண்டினார். வெளியே தனித்தனியாகத் தெரிந்த வீடுகள் பல, உள்ளுக்குள் கூட்டாகவே இருந்தன. உங்கள் வயலுக்குத் தீர்வை கட்டுவது யார், அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் யார் கையிலிருந்து போகும், தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மகள் கல்யாணத்துக்கு நீங்கள் நாள் குறித்துவிடுவீர்களா? இதற்கெல்லாம் அடுப்பு பதில் சொல்லாது.

நம்ம சீமையே பாடப்புத்தகக் கட்டங்களுக்குள் அடங்காது. காயல்பட்டினத்தில் (1986-ல் மாவட்டம் பிரிகிறவரை நெல்லைதான்) முஸ்லிம் குடும்பங்களில் கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகிறார், வீடு மகளுக்கு, ஆனால் பிள்ளைக்கு இனிஷியல் வாப்பா பெயரில். கொண்டையங்கோட்டை மறவர்களிடம் இது தலைகீழ்: பெண்தான் புருஷன் வீட்டுக்குப் போகிறாள், நிலம் அப்பா வழியில் இறங்குகிறது, கிளை என்கிற வம்சப் பிரிவு மட்டும் அம்மா வழி, ஒரே கிளைக்குள் பெண் எடுக்க மாட்டார்கள். இதில் எதைத் தாய்வழி என்பது, எதைத் தந்தைவழி என்பது? எங்கே குடியிருப்பது, சொத்து யாருக்கு, வம்சம் யார் வழி, யார் பேச்சு எடுபடும் என்று ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்டால்தான் பிடிபடும்.

அப்புறம், அந்தக் காலத்தில் எல்லோரும் கூட்டுக்குடும்பம் என்பதும் பாதிக் கதைதான். பாகம் பிரிக்க நிலம் இருந்தவனுக்குப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்து வைத்துக்கொள்ள ஒரு காரணம் இருந்தது. கூலிக்குப் போனவன் வீட்டில், கல்யாணமான மகன் பக்கத்திலேயே ஒரு குடிசை போட்டுக்கொண்டான்.

மகளிடம் ஒற்றை வார்த்தையை அடித்துவிட்டு, ‘சமையல் தனி, சொத்து பொது, அப்பா வெளியூரில், இருப்பு அம்மா வீட்டுப் பக்கம்’ என்று எழுதச் சொல்லுங்கள். ஆமாம், மாமனார் வீட்டு மாடிக்கு வாடகை கொடுக்கிறீர்களா இல்லையா? அதை நீங்கள் எழுதவில்லை, அதுவும் சேர வேண்டியதுதான்.