மந்திரச் சொல்லும் மழலைச் சொல்லும்

கேள்வி: அமெரிக்காவின் நவஹோ பழங்குடியினர், தங்கள் மொழி புனிதமானது, அதன் சொற்களுக்குத் தனிச் சக்தி உண்டு என்று நம்புகிறார்களாம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவை வெல்ல வைத்ததும் அந்த மொழிதானே? அப்படிப்பட்ட மொழி அழியப்போகிறது என்று சிலர் புலம்புவது வேடிக்கையாக இல்லையா? சக்தியுள்ள மொழி தன்னைத்தானே காத்துக்கொள்ளாதா? அவர்களுடைய மந்திரப் பாடல் ஒன்றையும், கோயோட்டி என்ற ஓநாய் போன்ற விலங்கின் கதை ஒன்றையும் தமிழில் வெளியிட்டால் வாசகர்கள் மகிழ்வோம்.
- வாசகர், திண்டுக்கல்

பதில்: வேடிக்கையாக இல்லை, ஐயா. அந்தச் சக்தியை நம்புகிறவர்கள்தாம் முதலில் பதறுகிறார்கள். நம்பாதவனுக்கு அது எத்தனையோ மொழிகளில் ஒன்று. போனால் போகட்டும் என்று இருந்துவிடுவான்.

நீங்கள் 'சக்தி' என்று எழுதியிருப்பது அங்கே என்ன பொருளில் வழங்குகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். நவஹோக்கள் தங்களைத் 'தினே' என்று சொல்லிக்கொள்வார்கள். அவர்கள் மரபின்படி, புனிதர்கள் முதலில் இந்த உலகை மனத்தில் நினைத்தார்கள். பிறகு பேச்சாலும் பாட்டாலும் வேண்டுதலாலும் அதை உண்டாக்கி ஒழுங்குபடுத்தினார்கள். பிறப்பின்போது மனிதனுக்குள் புகும் புனிதக் காற்றுதான் அவனை மூச்சுவிடவும் நினைக்கவும் பேசவும் வைக்கிறது. விரல் நுனிகளில் இருக்கும் சுழிகள் அந்தக் காற்றின் தடங்கள். ஆகவே பேசுவது என்பதே ஒரு செயல். சொன்னது நடக்கும், அதனால் சொல்லுமுன் யோசி.

இது சடங்கோடு நின்றுவிடுவதில்லை, ஆஸ்பத்திரி வரை வருகிறது. அறுவைச் சிகிச்சைக்கு முன் ஆபத்துகளை எல்லாம் விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்குவது அமெரிக்க மருத்துவ நெறி. "இதில் நீங்கள் இறந்துபோகவும் கூடும்" என்று டாக்டர் சொல்லுவார். கேட்கிற நவஹோ முதியவருக்கு அது தகவலாகப் படாது. சாவை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது போலப் படும். 1995ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் இதைப் பற்றியே ஒரு கட்டுரை வந்தது. கெட்டதை நோயாளியின் முகத்துக்கு நேரே சொல்வது அவருக்குத் தீங்கு செய்யும் என்றே அதில் விசாரிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கூறியிருந்தார்கள். நினைவு தப்பினால் உயிர்காக்கும் கருவி பொருத்தலாமா என்று முன்கூட்டியே எழுதி வாங்கும் படிவத்தைக் கண்டும் அவர்கள் அஞ்சினார்கள். நேர்மை என்று ஒரு நாகரிகம் நினைத்ததை இன்னொரு நாகரிகம் சாபம் என்று கேட்டது. யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த டாக்டர்களுக்குச் சட்டப் புத்தகத்தோடு கொஞ்சம் நவஹோவும் கற்றுக்கொடுத்திருக்கலாம்.

சடங்குக்கு வருவோம். 'ஹதாலி' எனப்படும் பாடகரே அங்கே வைத்தியர். நோய் என்பது ஒருவர் ஒழுங்கிலிருந்து விலகிவிட்டதன் அடையாளம். பாட்டும் வேண்டுதலும் மணல் ஓவியமும் சேர்ந்து அவரை மறுபடி ஒழுங்கில் நிறுத்த வேண்டும். பெரிய சடங்குகள் ஒன்பது இரவுகள் நீளும். அத்தனையும் மனப்பாடம். மூத்த ஹதாலி ஒருவரிடம் ஆண்டுக்கணக்கில் கூடவே இருந்து கற்றால்தான் ஒரு சடங்கு கைவரும். வரிசை பிறழ்ந்தால், சொல் தவறினால், பலன் கெடும். பாடியவருக்கே கேடு வரலாம் என்பார்கள்.

இப்போது உங்கள் கேள்வியை நீங்களே திரும்பப் படியுங்கள். பிழையின்றிச் சொல்லும் வாய் இருக்கும்வரைதான் அந்தச் சொல்லுக்குச் சக்தி. பாட ஆளில்லாமல் சில சடங்குகள் ஏற்கனவே வழக்கொழிந்து போய்விட்டன. அவற்றின் சொற்களுக்கும் சக்தி இருந்தது. தம்மைத்தாமே காத்துக்கொண்டனவா?

அடுத்தது, போர். 1942ல் அமெரிக்க மரைன் படை 29 நவஹோ இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, அவர்களையே வைத்து ஒரு சங்கேத மொழியை உருவாக்கியது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 400 பேர் அதில் பயிற்சி பெற்றார்கள். ஜப்பானியரால் கடைசிவரை அதை உடைக்க முடியவில்லை. இவ்வளவும் உண்மை. ஆனால் இதில் மந்திரம் எதுவும் இல்லை. டாங்கிக்கு ஆமை, கையெறி குண்டுக்கு உருளைக்கிழங்கு, நீர்மூழ்கிக்கு இரும்பு மீன் என்று அன்றாடச் சொற்களை எடுத்து அடுக்கினார்கள். ஆங்கில எழுத்துக்களுக்கும் ஒவ்வொரு நவஹோச் சொல் வைத்தார்கள். பயிற்சி பெறாத நவஹோக்காரருக்கே அது விளங்காது. பிலிப்பைன்ஸில் பிடிபட்ட ஜோ கியோமியா என்ற நவஹோ சிப்பாயை ஜப்பானியர் சித்திரவதை செய்து கேட்டும், அவரால் தனித்தனிச் சொற்களைத்தான் சொல்ல முடிந்தது. அவர்கள் புனிதத்தை நாடியது வேறு இடத்தில்: பலர் புறப்படுமுன் காப்புச் சடங்கு செய்துகொண்டார்கள், திரும்பியதும் எதிரியின் ஆவி தீண்டாதிருக்க வேறொரு சடங்கு நடந்தது.

'அமெரிக்காவை வெல்ல வைத்த மொழி' என்று பூரிக்கிறீர்களே, அந்த அமெரிக்கா அந்த மொழிக்கு என்ன செய்தது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் 29 பேரில் கடைசிவரை வாழ்ந்த செஸ்டர் நெஸ் 2014ல் மறைந்தார். சிறுவயதில் அரசாங்க விடுதிப் பள்ளியில் நவஹோ பேசியதற்காக அவருடைய வாயைச் சோப்பு போட்டுத் தேய்த்தார்கள். அதே வாயைத்தான் பிறகு மரைன் படை வானொலிக் கருவியின் முன் உட்கார வைத்தது. போர் முடிந்து ஊர் திரும்பியவர்களுக்கு அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் 1948 வரை ஓட்டுரிமை இல்லை. சங்கேத மொழி 1968 வரை ராணுவ ரகசியம். வீட்டில்கூடச் சொல்லிக்கொள்ள முடியாது. தங்கப் பதக்கம் 2001ல் வந்தது. அதற்குள் 29 பேரில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

பள்ளியில் அடித்ததால்தான் மொழி போயிற்று என்று இத்தோடு முடித்துக்கொள்வது எளிது. ஆனால் கணக்கு அப்படி ஒத்துவரவில்லை. 1864ல் அவர்களைச் சொந்த மண்ணிலிருந்து துப்பாக்கி முனையில் நடத்திக் கொண்டுபோய்ச் சிறைவைத்தார்கள். 1868ல் ஒப்பந்தம் எழுதித் திருப்பி அனுப்பும்போது, முப்பது குழந்தைகளுக்கு ஓர் ஆங்கில ஆசிரியர் என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 1887ல், பழங்குடிப் பள்ளிகளில் ஆங்கிலம் தவிர வேறெதுவும் கூடாது என்று வாஷிங்டனிலிருந்து உத்தரவு வந்தது. இத்தனைக்கும் பிறகு 1969ல் ஒரு கணக்கெடுத்தார்கள். பள்ளிக்கு வந்த ஆறு வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ பத்துக்கு ஏழு பேர், முதல் வகுப்புக்கு வேண்டிய ஆங்கிலம் இல்லாமல் நவஹோவோடு வந்து நின்றார்கள். நூறு ஆண்டு அடக்குமுறைக்குப் பிறகும்! ஆனால் 1990களின் தொடக்கத்தில் பாலர் பள்ளிகளில் பார்த்தபோது பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஆங்கிலம் மட்டுமே தெரிந்தது.

நடுவில் என்ன நடந்தது? என் கணிப்பில் ஆடுகளிலிருந்து தொடங்க வேண்டும். நவஹோக் குழந்தை மொழி கற்ற இடம் பாட்டியின் ஆட்டுக் கிடை. மந்தை பெரும்பாலும் பெண்களுடைய சொத்து, குலமும் தாய்வழி. ஆட்டை ஓட்டிக்கொண்டு பாட்டியோடு நாள் முழுக்க நடக்கிற பிள்ளைக்கு மலையின் பெயர், செடியின் பெயர், யார் எந்தக் குலம், எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது எல்லாம் வந்துவிடும். 1930களில், மேய்ச்சல் மிகுந்து மண் அரிக்கிறது என்று சொல்லி அரசாங்கம் மந்தைகளைக் குறைக்கப் புறப்பட்டது. லட்சக்கணக்கில் ஆடுகள் போயின. பலவற்றை அங்கேயே சுட்டு அழுகவிட்டார்கள். அப்போது பழங்குடி விவகார ஆணையராக இருந்தவர் ஜான் காலியர். விசித்திரம் என்னவென்றால், பழங்குடி மொழிகளின் மேல் உண்மையான மரியாதை வைத்திருந்த அதிகாரியும் அவரே. அவர் காலத்தில்தான் நவஹோவுக்குச் சீரான எழுத்துமுறை வந்தது. 1943ல் ராபர்ட் யங், வில்லியம் மார்கன் இருவரின் அகராதி வந்தது. நவஹோச் செய்தித்தாள் ஒன்றும் தொடங்கியது. ஒரே அலுவலகம் ஒரு கையால் அகராதி அச்சடித்தது, மறு கையால் மொழி வாழ்ந்த மந்தையைக் கொன்றது.

ஆடு போனதும் சம்பள வேலை வந்தது. போருக்குப் பின் தார்ச்சாலையும் கட்டாயப் பள்ளியும் டெலிவிஷனும் வந்தன. சோப்பின் சுவை மறக்காதவர்கள் அப்பா அம்மா ஆனார்கள். 'என் பிள்ளைக்காவது அடி விழ வேண்டாம்' என்று வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்று பேசுகிறவர்கள் ஏறத்தாழ 1,70,000 பேர் என்பது பழைய கணக்கு. நவஹோ தேசம் என்ற அவர்களுடைய தன்னாட்சி அமைப்பில் பதிவுபெற்ற குடிமக்களோ 4 லட்சத்தை ஒட்டி. பேசுகிறவர்களில் முதியவர்களே மிகுதி. 2020ல் கொரோனா அந்த மண்ணைக் கடுமையாகத் தாக்கியபோது போனவர்களிலும் முதியவர்கள் ஏராளம்.

கையைக் கட்டிக்கொண்டு அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. 1966ல் ரஃப் ராக் என்ற ஊரில் தங்கள் நிர்வாகத்தில் தாங்களே ஒரு பள்ளி நடத்திக் காட்டினார்கள். 1968ல் அமெரிக்காவிலேயே முதல் பழங்குடிக் கல்லூரியைத் தொடங்கினார்கள். எனக்கு மிகவும் பிடித்தது ஃபோர்ட் டிஃபையன்ஸ் கதை. 1868 ஒப்பந்தத்துக்குப் பின் அரசாங்கத்தின் முதல் பள்ளி எழுந்த ஊர் அது. அதே ஊரில் 1986ல், பெரும்பாலும் ஆங்கிலமே பேசி வந்த குழந்தைகளுக்கு, தொடக்க வகுப்புகளில் பெரும்பாலான பாடத்தை நவஹோவில் நடத்தும் வகுப்பைத் தொடங்கினார்கள். நான்காம் வகுப்பு வந்தபோது அந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் மற்றவர்களுக்குக் குறைந்துவிடவில்லை, கணக்கில் முந்தினார்கள். ஆங்கில வழியில் படித்தவர்களோ, பாலர் வகுப்புக்கு வந்தபோது தெரிந்திருந்த கொஞ்ச நவஹோவையும் தொலைத்திருந்தார்கள். தாய்மொழியில் படித்தால் பிள்ளை பின்தங்கும் என்று சொல்லிக்கொண்டு திரிபவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இதைக் கொஞ்சம் படிக்கலாம்.

புனிதம் என்ற எண்ணமே சில சமயம் குறுக்கே நிற்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொல்லுக்கு இவ்வளவு கனம் இருந்தால், தப்பாகப் பேசப் பயம் வரும். இளைஞன் வாய் திறந்து தடுமாறுகிறான், மூத்தவர்கள் சிரிக்கிறார்கள் அல்லது கண்டிக்கிறார்கள். அடுத்த முறை அவன் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறான். புனித மொழியைக் கண்டவர்க்கும் கற்றுத்தரலாமா என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். கிறித்தவர்களாகிவிட்ட சில குடும்பங்களோ, மொழிப் பாடத்தோடு பழைய சமயமும் நுழைந்துவிடும் என்று எதிர்ப்பக்கமிருந்து தயங்குகிறார்கள். 2014ல் இந்தச் சிக்கல் தேர்தலுக்கே வந்தது. நவஹோ தேசத்தின் தலைவர் பதவிக்கு நின்ற கிறிஸ் டெஷீன், மொழியில் போதிய சரளம் இல்லை என்று போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். மறு ஆண்டு பொதுவாக்கெடுப்பு நடத்தி, சரளம் போதுமா என்பதை இனி வாக்காளர்களே முடிவுசெய்யட்டும் என்று சட்டத்தை மாற்றினார்கள். முதியவர்களுக்கு வருத்தம், இளைஞர்களுக்கு நிம்மதி. தலைவர் வேட்பாளரிடம் காட்டிய கண்டிப்பில் பாதியைப் பாலர் வகுப்புகளிடம் காட்டியிருந்தால் அந்த வேட்பாளரே சரளமாகப் பேசியிருப்பார் என்பது என் எண்ணம்.

எனவே சந்தைப் பேச்சையும் விளையாட்டையும் நான் இளக்காரமாகப் பார்க்க மாட்டேன். விண்டோ ராக் ஊர் வானொலி, குதிரைச் சவாரிப் போட்டிக்கும் பந்தாட்டத்துக்கும் நவஹோவில் வர்ணனை செய்கிறது. 2013ல் புகழ்பெற்ற விண்வெளிப் போர்ப் படம் ஒன்று நவஹோ பேசியது. பேரனும் பாட்டியும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். மந்திரம் காக்க முடியாததைப் பந்தாட்ட வர்ணனை கொஞ்சம் காக்கிறது என்றால் ஹதாலிகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மொழி தெரிந்த சிறுவன் இருந்தால்தானே அவர்களுக்குச் சீடன் கிடைப்பான்?

கடைசியாக உங்கள் வேண்டுகோள். மந்திரப் பாடலை வெளியிட மாட்டோம். வாஷிங்டன் மாத்யூஸ் என்ற ராணுவ மருத்துவர் ஒன்பது இரவுச் சடங்கு ஒன்றைப் பதிவுசெய்து 1902ல் அச்சேற்றினார். அதிலிருந்து நான்கு வரியைப் பிய்த்து வாழ்த்து அட்டையில் போட்டுக்கொள்ளும் கூட்டம் உலகெங்கும் இருக்கிறது. அதில் நாமும் சேர வேண்டாம். கோயோட்டிக் கதைக்குத் தடை வேறு: பாம்பும் கரடியும் உறங்கும் குளிர்காலத்தில் மட்டுமே அவற்றைச் சொல்லலாம் என்பது அவர்கள் கட்டுப்பாடு. உங்கள் கடிதம் பிரசுரமாவதோ அக்னி நட்சத்திரத்தில். மார்கழியில் மறுபடி எழுதிக் கேளுங்கள்; தினே ஒருவர் தாமே மனமுவந்து அச்சிட்ட கதையாகத் தேடிப் பார்த்து, அனுமதி கிடைத்தால் போடுகிறோம்.