அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால வணிகர் டோக்கன்களைச் சேர்க்க எங்கிருந்து தொடங்கலாம்?

முதலில் இவை ஏன் வந்தன என்று பாருங்கள். போர் எப்படி முடியுமோ என்ற பயத்தில் மக்கள் தங்கம், வெள்ளி நாணயங்களைப் பதுக்கினார்கள், 1862-இல் ஒரு சென்ட் காசுகூடக் கிடைக்காமல் போய், சில்லறைக்குப் பதில் தபால் தலையைக் கொடுத்து வாங்கும் நிலை வந்தது. அப்போதுதான் கடைக்காரர்கள் சென்ட் அளவிலேயே, சுமார் 19 மில்லிமீட்டரில், காசுக்குப் பதிலாகச் செம்பு டோக்கன் அடித்து விட்டார்கள்.

இதில் முக்கியமாக இரண்டு வகை. கடையின் பெயர், ஊர் பொறித்தது ஒன்று. கொடி, தலைவர் உருவம், தேசபக்தி வாசகம் உள்ளது இன்னொன்று. எனக்குக் கடை டோக்கன்தான் உயிர், ஏனென்றால் கையில் இருப்பது ஒரு மளிகைக்காரரின் அல்லது மருந்துக் கடைக்காரரின் விலாசம். இன்னொரு வகையில் அமெரிக்க நிதியமைச்சராக இருந்த ஜான் டிக்ஸின் டோக்கனைத் தேடுங்கள், அவருடைய, கொடியை இறக்க முயல்பவனை அந்த இடத்திலேயே சுடு என்ற வாசகத்தில் 'ஸ்பாட்' என்பதை 'ஸ்பூட்' என்று தப்பாகச் செதுக்கிய அச்சும் உண்டு!

நியூயார்க்கில் லிண்டன்முல்லர் என்ற மதுக்கடைக்காரர் பத்து லட்சத்துக்கு மேல் வெளியிட்டார், அதனால் அவருடையது இன்றும் எளிதில் கிடைக்கும், தொடங்க நல்லது. 1864-இல் சட்டம் தனியார் காசுகளைத் தடை செய்தது.

அப்புறம் ஒன்று, தயவுசெய்து புளி, எலுமிச்சை போட்டுத் தேய்க்காதீர்கள், அந்தப் பழுப்பு நிறம் போனால் மதிப்பும் போய்விடும்.