ஒரே வெப் சர்வீஸில் பல ஆப்பரேஷன்கள் வைக்கலாமா?

வேளச்சேரி அடுக்ககங்களுக்குத் தண்ணீர் லாரி பதிவு செய்ய சோப் (எக்ஸ்எம்எல் செய்திகளால் பேசும் முறை) சர்வீஸ் எழுதுவதாகவும், பதிவு, ரத்து, நிலை என்ற மூன்று ஆப்பரேஷனுக்கும் தனித்தனி சர்வீஸ் வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், ஒன்றே போதும். சர்வீஸை விவரிக்கும் மொழியான டபிள்யூஎஸ்டிஎல் 1.1-இல் ஒரு போர்ட்டைப்புக்குள் (ஆப்பரேஷன்களின் தொகுப்பு) எத்தனை ஆப்பரேஷன் வேண்டுமானாலும் எழுதலாம். 2007-இல் வந்த 2.0 பதிப்பில் அதற்கு இன்டர்ஃபேஸ் என்று பெயர். மூன்றுக்கும் முகவரி ஒன்றுதான்.

சரி, வருகிற கோரிக்கை எந்த ஆப்பரேஷனுக்கு என்று சர்வருக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். டாக்குமென்ட்-லிட்டரல் முறையில், அதாவது ஸ்கீமாவில் வரையறுத்த எலிமென்ட்டையே செய்தியாக அனுப்பும் முறையில், செய்தியில் ஆப்பரேஷனின் பெயர் இருக்க வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது. செய்தியின் பாடிக்குள் இருக்கும் எலிமென்ட்டின் பெயரையும் நேம்ஸ்பேஸையும் (அந்தப் பெயர் எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்ற அடையாளம்) வைத்துத்தான் பெரும்பாலும் பிரிப்பார்கள். ரத்து, நிலை இரண்டுக்கும் பதிவு எண் மட்டும் போதுமே என்று ஒரே எலிமென்ட்டைக் கொடுத்தால், நிலை பார்க்க வந்தவரின் லாரியே ரத்தாகிவிடக்கூடும். 'ரத்துக்கோரிக்கை', 'நிலைக்கோரிக்கை' என்று தனித்தனியாக வையுங்கள். உள்ளே இருக்கும் டைப் ஒன்றாக இருக்கலாம். சோப்ஆக்‌ஷன் ஹெடரை (கோரிக்கையின் நோக்கத்தைச் சொல்லும் எச்டிடிபி வரி) மட்டும் நம்பி இறங்காதீர்கள், அது காலியாகவும் வரலாம்.

அப்புறம், ஒரே பெயரில் இரண்டு ஆப்பரேஷன் வேண்டாம். ஜாவாவில் ஓவர்லோடிங் (ஒரே பெயரில் பல மெத்தட் எழுதுவது) பழகியவர்களுக்குக் கை தானாக அங்கே போகும், ஆனால் வெவ்வேறு சர்வீஸ்கள் ஒத்துப்போக வகுத்த டபிள்யூஎஸ்-ஐ பேசிக் ப்ரொஃபைல் விதித்தொகுப்பு அதை அனுமதிப்பதில்லை.