ஜேம்சன், ஜாக் டேனியல்ஸ் போன்ற சாதாரண விஸ்கிகளின் வேறு பதிப்புகளைக் கூடுதல் காசு கொடுத்து வாங்கலாமா? வித்தியாசத்தை எப்படிச் சுவைத்துக் கண்டுபிடிப்பது?

வாங்கலாம். ஆனால் அதே பெயரில் வரும் சாதாரண பாட்டிலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுவைத்துப் பாருங்கள். தனியாக ஊற்றிக் குடித்தால் வித்தியாசம் பாதிகூடப் பிடிபடாது. நாக்கு சொல்ல வேண்டியதை லேபிளும் விலையும் முந்திக்கொண்டு சொல்லிவிடும்.

இந்தப் பதிப்புகளில் மாறுவது பெரும்பாலும் ஆல்கஹால் அளவு, பீப்பாய், கலவை ஆகிய மூன்றில் ஒன்று. சில நேரம் இரண்டு சேர்ந்தே மாறும். நம்மை அதிகம் ஏமாற்றுவது ஆல்கஹால் அளவுதான். 40 சதவீத விஸ்கிக்குப் பக்கத்தில் 50 சதவீத விஸ்கியை வைத்தால், எதுவாக இருந்தாலும் 50தான் கனமாகவும் உயர்ந்ததாகவும் தோன்றும். அதனால் முதல் வேலை, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவது.

இதற்கு நல்ல ஜோடி ஜாக் டேனியல்ஸ் ஓல்டு நம்பர் 7, அதன் பாண்டட் பதிப்பு. முன்னது 40 சதவீதம்; 2022இல் வந்த பாண்டட் 50 சதவீதம். தானியக் கலவை இரண்டுக்கும் ஒன்றே: சோளம் 80, முளைகட்டிய பார்லி (மால்ட்) 12, ரை என்ற தானியம் 8 சதவீதம். இரண்டுமே சர்க்கரை மேப்பிள் மரக்கரியின் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கிய பிறகுதான் பீப்பாய்க்குப் போகின்றன. பாண்டட் என்று லேபிளில் போட அமெரிக்காவில் 1897ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் நிபந்தனைகள் உண்டு. ஒரே வடிசாலையில், ஆண்டின் ஒரே பாதியில் (ஜனவரி முதல் ஜூன் வரை, அல்லது ஜூலை முதல் டிசம்பர் வரை) வடித்ததாக இருக்க வேண்டும். அரசுக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட கிடங்கில் குறைந்தது 4 வருடம் கிடக்க வேண்டும். பாட்டிலில் சரியாக 50 சதவீதம் இருக்க வேண்டும்.

வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பை இரண்டு எடுங்கள். ஒன்றில் 20 மி.லி. பாண்டட், அதில் 5 மி.லி. தண்ணீர். மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசி இல்லாத சிரிஞ்சால் அளந்தால் பிசகாது. இப்போது 25 மி.லி., 40 சதவீதம். இன்னொன்றில் ஓல்டு நம்பர் 7 அப்படியே 25 மி.லி. தண்ணீர் வாசனையற்றதாக இருக்க வேண்டும். குளோரின் நெடி உள்ள குழாய்த் தண்ணீரும் வெயிலில் கிடந்த கேன் தண்ணீரும் காரியத்தைக் கெடுத்துவிடும். இரண்டையும் சிறு தட்டால் மூடி ஒரு பத்து நிமிடம் விடுங்கள். தண்ணீர் விட்ட உடனே ஆல்கஹால் நெடி குப்பென்று கிளம்பும். அப்போது முகர்ந்தால் வேறொன்றும் தெரியாது.

பிறகு வாயைக் கொஞ்சம் திறந்தபடி, மூக்கை உள்ளே நுழைக்காமல் கோப்பையின் விளிம்பில் வைத்து முகருங்கள். ஓல்டு நம்பர் 7இல் பழுத்த வாழைப்பழ வாசம்தான் முதலில் வரும். பாண்டடில் அது பின்னால் போய், கருகிய சர்க்கரையும் ஓக் மரமும் முன்னால் நிற்கும். விழுங்கியபின் சுவை தங்கும் நேரமும் கூடுதல். அளவைச் சமமாக்கிய பிறகும் மிஞ்சுகிற இந்த வித்தியாசத்துக்குத்தான் தேர்ந்தெடுத்த பீப்பாய்கள் காரணம்.

உங்களுக்கு எதுவுமே மிஞ்சவில்லை என்றாலும் காசு வீணாகிவிடாது. 700 மி.லி. பாண்டடைத் தண்ணீர் விட்டு 40 சதவீதமாக்கினால் ஏறக்குறைய 875 மி.லி. வரும். ஆகவே விலை கால் பங்குக்குக் குறைவாகவே கூடியிருந்தால், கணக்குப்படி பாண்டடே மலிவு.

மற்ற ஜோடிகளுக்கும் கணக்கு சுலபம். இருக்கும் சதவீதத்தை வேண்டிய சதவீதத்தால் வகுத்து, ஊற்றிய மி.லி.யால் பெருக்கி, ஊற்றியதைக் கழித்தால் சேர்க்க வேண்டிய தண்ணீர். வைல்டு டர்க்கி 101 என்ற அமெரிக்க விஸ்கி 50.5 சதவீதம் (101 என்பது அதன் இரு மடங்கு), 20 மி.லி.க்கு 5 மி.லி.க்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் விட்டால் அதே நிறுவனத்தின் 81 பதிப்புக்குச் சமம், அதாவது 40.5. கணக்குப் போடும்முன் உங்கள் கையில் உள்ள லேபிளைப் பாருங்கள். ஜாக் டேனியல்ஸ் சிங்கிள் பேரல் சில நாடுகளில் 45, சில நாடுகளில் 47.

ஐரிஷ் பக்கம் வந்தால் ஜேம்சனின் வேறு பதிப்புகள் பலவும் 40 சதவீதம்தான், தண்ணீர் தேவையில்லை. கேஸ்க்மேட்ஸ் ஸ்டவுட் பதிப்பு கார்க் நகரத்து ஃபிரான்சிஸ்கன் வெல் பீர் ஆலையோடு சேர்ந்து தொடங்கியது. ஜேம்சன் காலி செய்த பீப்பாயில் கறுப்பு ஸ்டவுட் பீர் ஊறும். பீப்பாய் திரும்பி வந்ததும் அதில் ஜேம்சன் கடைசிக் காலத்தைக் கழிக்கும். வித்தியாசம் முகரும்போது லேசாகத்தான் இருக்கும். விழுங்கிய பிறகு கோகோ, காப்பிப் பொடி போன்ற இளங்கசப்பு நாக்கின் பின்பக்கம் எழும், அங்கே கவனியுங்கள். இதோடு ஜேம்சனின் இன்னொரு பதிப்பான பிளாக் பேரலையும் ஒரே வரிசையில் வைக்காதீர்கள். இரண்டு முறை கருக்கிய பீப்பாயின் வனிலா வாசம் ஸ்டவுட்டை அமுக்கிவிடும். பிளாக் பேரலில் பாட் ஸ்டில் (பானை வடிவக் கொப்பரையில் வடித்த) விஸ்கியின் பங்கும் அதிகம் என்பதால், அதன் கனத்தை முழுக்கப் பீப்பாய் கணக்கில் எழுதுவது தவறு.

ஒன்றே ஒன்று வாங்கப் போகிறீர்கள் என்றால் நான் சொல்வது ஐரிஷ் விஸ்கியான புஷ்மில்ஸ் பிளாக் புஷ்: மால்ட் மிகுந்த கலவை, ஷெர்ரி (ஸ்பெயின் நாட்டுத் திராட்சை மது) இருந்த பீப்பாய், உலர்திராட்சை வாசம், புதிதாகக் குடிப்பவருக்கும் உடனே பிடிபடும். அமெரிக்க விஸ்கியான மேக்கர்ஸ் மார்க் 46இல் பீப்பாய்க்குள் வாட்டிய பிரெஞ்சு ஓக் பலகைகள் 10 செருகியிருக்கும். இலவங்கப்பட்டை, கிராம்பு வாசம் அதனால்தான். (46 என்பது ஆல்கஹால் அளவு அல்ல, பாட்டிலில் இருப்பது 47.) ஜாக் டேனியல்ஸின் ஜென்டில்மேன் ஜாக்கில் இரண்டாம் தடவை கரி வடிகட்டல் சுவையை மென்மையாக்குகிறது, ஆழமாக்குவதில்லை, எனக்கு அதற்குக் கூடுதல் விலை நியாயமாகப் படவில்லை. தேன் சேர்த்த ஜாக் 35 சதவீத லிக்யூர் (இனிப்பு சேர்த்த மது), இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்க முடியாது.

உண்மையிலேயே வித்தியாசம் தெரிகிறதா என்று சோதிக்க மூன்று கோப்பை போதும். வேறொருவரை ஊற்றச் சொல்லுங்கள்: இரண்டில் ஒரே விஸ்கி, ஒன்றில் மற்றது. தனித்து நிற்பதைக் கண்டுபிடியுங்கள். குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்ல மூன்றில் ஒரு வாய்ப்பு இருப்பதால் ஒரு தடவை போதாது. தொடர்ந்து மூன்று முறை சரியாகச் சொன்னால் அந்த வாய்ப்பு 27இல் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு கோப்பையிலும் 5 மி.லி. போதும், துப்பிவிடலாம்.

ஐஸ் வேண்டாம், வாசம் அடங்கிவிடும். அறை 32 டிகிரியில் கொதித்தால் நெடிதான் ஏறும். பாட்டிலைச் சற்று நேரம் ஃபிரிட்ஜில் வைத்து 20 டிகிரி வாக்கில் ஊற்றுங்கள். பலரும் கவனிக்காதது பாட்டிலின் மட்டம். புதிதாகத் திறந்த பாட்டிலை, மாதக்கணக்கில் கால்வாசியாகக் கிடக்கும் பாட்டிலோடு ஒப்பிட்டால் காற்று செய்த மாற்றத்தைத்தான் சுவைப்பீர்கள். வாங்கிய அன்றே இரண்டிலிருந்தும் 100 மி.லி. கண்ணாடிக் குப்பியில் கழுத்துவரை நிரப்பி, இறுக மூடி, வெளிச்சம் படாமல் எடுத்து வையுங்கள்.